பன்னிரண்டு சக்கரம்

டெல்லிப் பெரியவரின் ரயிலைப் புகழேந்திதான் ஓட்டப்போகிறான் என்ற செய்தி புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. ஆறு மணிக்கு அது ஷூ கம்பெனி வேன்களில் ஏறி ஆம்பூர் முழுக்கப் போய்விட்டது. ரகசியம் என்று சொல்லித்தான் புகழேந்தி தன் மனைவி சோபனாவிடம் சொன்னான். ரகசியம் என்று சொல்லித்தான் சோபனா மாமியாரிடம் சொன்னாள். பாக்யலட்சுமி அம்மாள் அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னார்.

அவர்கள் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். தோல் கம்பெனி லேபில் வேலை. போன ஆடியில் மாடியில் இரண்டு பேர் இருந்தோம்.

வியாழக்கிழமை மதியம் புகழேந்தி காட்பாடிக்குக் கிளம்ப வேண்டும். டியூட்டிப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. எனக்கும் தட்டு வைத்திருந்தார்கள். பதினோரு மாதமாக அப்படித்தான். நான் கேட்பதில்லை, அவர்கள் விடுவதில்லை. பக்கத்து வீட்டு மஹ்பூபி வாசற்படியில் உட்கார்ந்து, கம்பெனி கொடுத்த ஷூ மேல்தோல்களுக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கை தைக்கும், வாய் தனியாக ஓடும்.

"ஏன்டா, பெரியவரு ஏறும்போது உன்கிட்ட வந்து கை குடுப்பாரா?" என்றார் பாக்யலட்சுமி அம்மாள்.

"குடுக்க மாட்டாரு."

"இன்னாடா இது. அவரை உக்கார வெச்சி இட்டுக்கினு வர்றவன் நீ."

புகழேந்தி களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்தான். "ஊர் முழுக்கச் சொல்லிட்டு வந்துட்ட. நான் ஓட்டுறது அந்த ரயிலு இல்லம்மா."

மஹ்பூபியின் ஊசி நின்றது.

"அதுக்கு முன்னாடி போற இன்ஜின். பைலட் இன்ஜின்னு சொல்வாங்க. இது முன்னால போவும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சி அவரு ரயிலு வரும்."

"உன் ரயிலுக்கு எத்தினி பெட்டி?"

"பெட்டியே கிடையாது. வெறும் இன்ஜின்."

"பெட்டி இல்லாம, ஆளு இல்லாம, வெறும் இன்ஜின் எதுக்குடா போவணும்?"

"லைன் நல்லா இருக்குதானு பார்க்க."

"நல்லா இல்லன்னா?"

புகழேந்தி களியை விழுங்கினான். களியை மெல்ல முடியாது, விழுங்கத்தான் வேண்டும். பதில் சொல்லாமல் இருக்க வசதியான சாப்பாடு.

"இன்னா அக்கா புரியல உனக்கு?" என்றார் மஹ்பூபி. "கல்யாண ஊர்வலத்துல மாப்பிள்ளைக்கு முன்னாடி பட்டாசு வெடிக்கிறவன் போறான்ல? அந்த மாதிரி."

"பட்டாசா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல. வெடிச்சா முன்னாடியே வெடிச்சிடும், மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு..."

"மஹ்பூபிக்கா, நீங்க தைங்க" என்றாள் சோபனா.

பாக்யலட்சுமி அம்மாள் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். இருபத்திரண்டு வருடம் டேனரியில் தோல் ஓரம் வெட்டியவர். வலது கட்டைவிரலில் கத்தியின் தழும்பு இன்னும் கல்லாக இருக்கிறது. எதற்கும் குரல் உயர்த்துவாரே தவிர எழுந்து போகிறவர் இல்லை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தண்டவாளம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா போனதும் புகழேந்தி குரலைத் தாழ்த்தினான். "பயப்பட ஒண்ணுமில்ல. வழி முழுக்கப் போலீஸ் நிப்பாங்க. லைன் செக் பண்ற கீமேன் நடந்து பார்த்துட்டுப் போவான். என் வேலை கண்ணை எடுக்காம லைனைப் பார்க்கிறது. கல்லு, துணி, தேங்கா மூடி, எது லைன் மேல இருந்தாலும் நிறுத்தணும். நான் நின்னா பின்னாடி அவரும் நிக்கணும். டெல்லி வரைக்கும் போன் போவும். யாரு வெச்சாங்கன்னு தோண்டுவாங்க. அப்புறம் ஒருத்தன் வேலை போவும்."

"யாரு வேலை?" என்றாள் சோபனா.

"கையில கிடைக்கிறவன் வேலை."

பாக்யலட்சுமி அம்மாள் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"இன்ஜினுக்கு எத்தினி சக்கரம்டா?"

"பன்னெண்டு."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே தெரு கிளம்பிவிட்டது. ஆடிக் காற்று பாலாற்று மணலை வாரி எல்லார் தலையிலும் போட்டது. டேனரி வாசனையும் அதோடு சேர்ந்து வந்தது. வெள்ளி எங்கள் கம்பெனிக்கு விடுமுறை. ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கும் சோபனா அரை நாள் பர்மிஷன் வாங்கியிருந்தாள். சூப்பர்வைசர் காரணம் கேட்கவில்லையாம். ரயில் போனதும் போட்டோ அனுப்பு என்று மட்டும் சொன்னாராம்.

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பாக்யலட்சுமி அம்மாள் ஒரு தூக்குவாளி கூழோடும் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடும் வந்தார். பழங்களைத் தட்டில் கொட்டி, கழுவி, துடைத்து, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தார். ஆடி வெள்ளி. யார் வீட்டிலும் நடப்பதுதான்.

நான் அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மனைவியின் தலையணைக்கு அடியில் அவள் அம்மா ஒரு பழம் வைத்திருந்தார். நர்ஸ் பார்த்தால் திட்டுவார் என்று நான்தான் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் கெமிஸ்ட்ரி படித்தவன்.

எங்கள் தெரு முடியும் இடத்தில் ரயில்வே கேட். சாலையும் தண்டவாளமும் அங்கே ஒரே மட்டம். தண்டவாளத்தை ஒட்டி உட்பக்கம் ஒரு பள்ளம் ஓடும், சக்கரத்தின் விளிம்பு போவதற்கு. அதில் செருப்பு மாட்டாத பெண்ணோ சைக்கிள் மாட்டாத ஆணோ தெருவில் இல்லை. பத்து மணிக்கு கேட்கீப்பர் ஆதிகேசவன் கேட்டைச் சாத்தினார். தினமும் அழுக்குப் பனியனில் நிற்பவர் அன்று இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்.

"எத்தினி மணிக்குண்ணே?"

"முன்னாடி இன்ஜினு பத்து நாப்பது. ஸ்பெஷலு பத்து அம்பத்தஞ்சு. யாரும் கேட்டுக்குக் கீழ பூராதீங்க. இன்னிக்குப் பூந்தா போலீஸ் இட்டுக்கினு போய்டும்."

இரண்டு பக்கமும் கூட்டம். தோல் ஏற்றிய மினி லாரி, கம்பெனி வேன், பள்ளிக்கூட ஆட்டோ, பிரியாணி அண்டா ஏற்றிய மூன்று சக்கர வண்டி. பிரியாணிக்காரர் மட்டும் பேஜார் ஆனார். "ஜும்மாவுக்கு முன்னாடி கொண்டுபோய்ச் சேர்க்கணும்பா. ஆறிப் போச்சுன்னா பெரியவரா வந்து சூடு பண்ணித் தருவாரு?" கூட்டம் சிரித்தது. ஷூ கம்பெனிப் பெண்கள் வேன் ஜன்னலில் இருந்து கத்தினார்கள்: "சோபனாக்கா! உன் வூட்டுக்காரு டாட்டா காட்டுவாரா?"

சோபனா சிரித்துக் கை காட்டினாள். அவள் இரவு தூங்கவில்லை என்று கண் சொன்னது. கையில் போன் இருந்தது. முகப்பில் மணி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து இருபதுக்கு பாக்யலட்சுமி அம்மாள் காலித் தூக்குவாளியோடு வந்தார். முகத்தில் நேற்று இல்லாத தெளிவு.

"எங்கத்தை போனீங்க?"

"அந்தப் போலீஸ்காரப் பொண்ணு காலைல அஞ்சு மணியிலிருந்து நிக்குதாம். ஒரு வாய் தண்ணி கூட இல்ல. ரெண்டு சொம்பு கூழ் குடிச்சிது பாவம்."

கேட்டிலிருந்து ஐம்பதடி தள்ளி, தண்டவாளத்தின் ஓரம் ஒரு பெண் காவலர் நின்றார். பாரதி என்று பெயர்ப்பட்டை. எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் இருக்கும் சந்துக்கு நேர் எதிரில்.

"எலுமிச்சம்பழம் எங்கத்தை? கேட்டாண்ட சுத்திப் போடணும்னு சொன்னீங்க."

"வெச்சாச்சி."

"எங்க வெச்சீங்க?"

"எங்க வைப்பாங்க? புது வண்டி எடுத்தா சக்கரத்துக்குக் கீழதான வைப்பாங்க." அவர் குரலில் பெருமை. "பன்னெண்டு சக்கரம், பன்னெண்டு பழம். இந்தத் தண்டவாளத்துல ஆறு, அந்தத் தண்டவாளத்துல ஆறு. உருண்டுடக் கூடாதுன்னு குங்குமம் கொழைச்சி ஒட்டிட்டேன். அந்தப் பொண்ணு முதுகு காட்டிக் குடிச்சிக்கினு இருந்திச்சி."

மஹ்பூபிதான் முதலில் வாய் திறந்தார். "அக்கா, முதல் சக்கரமே பன்னெண்டையும் நசுக்கிடுமே. மிச்ச சக்கரத்துக்கு?"

பாக்யலட்சுமி அம்மாள் யோசித்தார். அதை அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

சோபனா ஓட ஆரம்பித்திருந்தாள்.

நான் பின்னால் ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்து, கொல்லையைத் தாண்டி, சந்து வழியாக ஏறினோம். சரளைக்கல்லில் கால் வைத்ததும் பாரதி லத்தியை நீட்டினார்.

"ஏய், ஏய்! எங்க வர்றீங்க? இறங்குங்க!"

"மேடம், லைன் மேல எலுமிச்சம்பழம் இருக்கு. எங்க மாமியார் வெச்சிட்டாங்க. முன்னாடி வர்ற இன்ஜின் ஓட்டுறது அவங்க புள்ளை. இதைப் பார்த்தா அவரு நிறுத்திடுவாரு."

"எந்த மாமியார்?"

"கூழ் குடுத்தாங்களே."

பாரதி திரும்பிப் பார்த்தார். வெயிலில் பளபளத்த தண்டவாளத்தில், அவர் நின்ற இடத்திலிருந்து கேட்டுச் சாலை வரைக்கும், மஞ்சள் மஞ்சளாக உட்கார்ந்திருந்தன. சிவப்புப் பொட்டு வேறு. கோலம் போட்ட மாதிரி அழகாக இருந்தது.

"ஐயோ" என்றார் பாரதி. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "என் பாயின்ட்டுல. என் முதுகுக்குப் பின்னாடி. கூழ் குடிச்சிக்கினு இருந்தேன்னு எழுதிக் குடுக்கவா நான்? இன்ஸ்பெக்டர் என்னை உரிச்சிடுவாரு."

"ரெண்டு நிமிஷம் மேடம். எடுத்துடுறோம்."

"ரெண்டு நிமிஷம் இல்ல, ஒரு நிமிஷம். வாங்க, நானும் எடுக்கிறேன். உங்க மாமியார் கூழுக்கு மோர் ஜாஸ்தி ஊத்தும்போதே நினைச்சேன், இன்னாடா இவ்ளோ பாசம்னு."

மூன்று பேரும் குனிந்தோம். குங்குமத்தை எதில் குழைத்தாரோ, வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. பழத்தைப் பிடுங்கினால் சிவப்பு தண்டவாளத்தில் நின்றது. தண்டவாளம் கையைச் சுட்டது.

"சிவப்பை விடாதீங்கண்ணா" என்றாள் சோபனா. "பழத்தை விட அதுதான் தூரத்துலயே தெரியும். துடைங்க."

நான் சட்டையின் முன்பக்கத்தை இழுத்துத் துடைத்தேன். வெள்ளைச் சட்டை. லேபில் குரோம் கறை படாமல் ஒரு வருடம் காப்பாற்றியது.

கேட் அறையிலிருந்து ஆதிகேசவன் குரல் வந்தது. "இன்ஜினு மேல்பட்டி ஸ்டேஷன் தாண்டிடுச்சி! லைன்ல யாரு அது?"

"செக்கிங்!" என்று பாரதி கத்தினார்.

"போலீஸ் செக்கிங் சரி, அந்தப் புடவை யாரு? அது சோபனா இல்ல?"

"ஸ்பெஷல் செக்கிங்!"

கேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம் கைதட்டியது. என்ன என்று தெரியாமலேயே தட்டினார்கள். வேன் பெண்கள் விசிலடித்தார்கள். நாலு, அஞ்சு, ஆறு. முதல் தண்டவாளம் முடிந்தது. இரண்டாவதில் பாரதி ஒன்று எடுத்து, கால் இடறி விழுந்து, தொப்பி உருண்டு, தொப்பியை விட்டுவிட்டு அடுத்த பழத்தைப் பிடித்தார். ஏழு, எட்டு. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது அப்படி அடித்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒன்பது. பத்து. என் தோள்பையில் போட்டுக்கொண்டே போனேன்.

"பச்சகுப்பம் தாண்டிடுச்சி! எறங்குங்க! எல்லாம் எறங்குங்க!"

பதினொன்று.

பன்னிரண்டாவது சாலையை ஒட்டி இருந்தது. அதைச் சோபனா பிடுங்கினாள். புடவைத் தலைப்பால் தண்டவாளத்தைத் துடைத்தாள். நான் பையை நீட்டினேன்.

அவள் போடவில்லை.

கிழக்கே, தண்டவாளம் வளையும் இடத்தில், பகல் வெயிலிலும் எரியும் முகவிளக்கு தெரிந்தது. சோபனா அதைப் பார்த்தாள். பிறகு சாலை மேல் இரண்டடி நடந்து, செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து, கையிலிருந்ததைப் பள்ளத்துக்குள் விட்டாள். தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கீழே அது போய் உட்கார்ந்தது. இன்ஜினில் இருந்து யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்கே கஷ்டப்பட்டுத்தான் தெரிந்தது.

நிமிர்ந்தபோது என் கண்ணைப் பார்த்தாள்.

நான் பையின் ஜிப்பை மூடினேன்.

கேட்டுக்குக் கீழே புகுந்து வெளியே வந்தோம். பாரதி தொப்பியை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு தன் இடத்தில் விறைப்பாக நின்றார். பாக்யலட்சுமி அம்மாள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் பழம் பொறுக்கியதைப் பார்த்திருந்தார்.

"எடுத்துட்டியா?"

"அத்தை, அவரு பார்த்தா நிறுத்தணும். நிறுத்தினா பெரிய ரயிலும் நிக்கும். அவரு வேலை போய்டும். நேத்து நீங்க கொல்லையில இருந்தீங்க, அதான் தெரியல."

"எல்லாத்தையுமா?" அவர் உதடு கோணியது. "பன்னெண்டுல ஒண்ணாவது வுட்டிருக்கலாமேடி. முன்னாடி போறான்டி அவன். எல்லாருக்கும் முன்னாடி ஒத்தையா போறான்."

இன்ஜின் வந்துவிட்டது.

முதலில் தரை நடுங்கியது. பிறகு ஹாரன், நீளமாக. கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. வேன் பெண்கள் துப்பட்டாவை வீசினார்கள். புகழேந்தியை நான் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால், நெஞ்சு நிமிர்த்தி, முன்பக்கம் சாய்ந்து. ஒரு நொடிதான். அம்மா, மனைவி, தெரு எல்லாம் இருபதடியில் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் திரும்பவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போனான்.

சக்கரங்கள் சாலையைத் தாண்டின. தடக், தடக், தடக். காற்று அறைந்தது. இன்ஜின் சின்னதாகி ஆம்பூர் ஸ்டேஷன் பக்கம் போய் மறைந்தது.

"இன்னாப்பா, அவ்ளோதானா?" என்றார் பிரியாணிக்காரர். "ரயிலு எங்க?"

"அது பின்னாடி வருது."

"அப்போ இது?"

"இது எங்க புகழு" என்றார் மஹ்பூபி. "முன்னாடி போயி வழியைப் பார்க்கிறவன். அவன் சொன்னாத்தான் உங்க பெரியவரே வர முடியும், தெரிஞ்சிக்கோ."

பதினைந்து நிமிடம். அவ்வளவு நீளமான பதினைந்து நிமிடம் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஆனால் இங்கே பேச்சுச் சத்தம் இருந்தது. பாக்யலட்சுமி அம்மாள் மருமகளைப் பார்க்காமல் நின்றார். சோபனாவின் கண் தண்டவாளப் பள்ளத்தை விட்டு நகரவில்லை.

ஸ்பெஷல் வந்தது. பளபளவென்று நீளமாக, எல்லா ஜன்னலிலும் திரை போட்டு. எல்லாரும் கை காட்டினார்கள். உள்ளே யாரும் தெரியவில்லை. கடைசிப் பெட்டியில் ஒரு சமையல்காரர் மட்டும் கதவில் நின்று பதிலுக்குக் கை காட்டினார். அவருக்குத்தான் பெரிய கைதட்டல் கிடைத்தது.

கேட் தூக்கினார்கள். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தது. சோபனா மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கத்தை."

"எங்கடி?"

"வாங்க."

சாலை நடுவில், வண்டிகளுக்கு முன்னால், இருவரும் குனிந்தார்கள். நானும் போனேன். பள்ளத்தின் அடியில் பழம் தட்டையாகக் கிடந்தது. தோல் இரண்டாகப் பிளந்து, சாறு கறுப்பு கிரீஸோடு கலந்து, விதைகள் தண்டவாளத்தின் உட்பக்கம் ஒட்டியிருந்தன. டேனரி வாசனைக்கு மேலே, சுத்தமாக, எலுமிச்சை வாசனை.

பாக்யலட்சுமி அம்மாள் மருமகளைப் பார்த்தார். பிறகு பள்ளத்தை. மறுபடி மருமகளை.

"யம்மா! ரோட்டு நடுவுல இன்னா தேடுறீங்க?" ஆதிகேசவன் கத்தினார். "கம்மல் வுழுந்திடுச்சா? ஓரமா வாங்க!"

"வழி வுடும்மா, ஜும்மா டைமு!" பிரியாணிக்காரர்.

சோபனாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஹாரன்களுக்கு நடுவே புகழேந்தியின் குரல். "ஜோலார்பேட்டை வந்துட்டேன். வண்டியை நிறுத்தியாச்சி. அம்மாகிட்டச் சொல்லு. லைன் மேல ஒரு தூசு கூட இல்ல."

"அதான் தெரியுமே" என்றார் பாக்யலட்சுமி அம்மாள் போனுக்குள். "போய் மொதல்ல சாப்புடு."

அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. "பன்னெண்டு சக்கரமும் ஏறியிருக்குமாடி?"

"இந்தப் பக்கம் ஆறுதான் அத்தை."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஆறு போதும்."

பள்ளத்துக்குள் விரலை விட்டார். கத்தித் தழும்பு இருக்கும் அந்தக் கட்டைவிரலில் கறுப்பு மை மாதிரி எடுத்து, சோபனாவின் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார். மிச்சம் விரலில் இருந்தது. என்னைப் பார்த்தார். எட்டி என் கன்னத்திலும் வைத்தார்.

அன்று மாலை வரைக்கும் நான் அதைத் துடைக்கவில்லை.